அறிவியல் தேர்வில் பிள்ளை தோற்பது அறிவியலிலா, வாக்கியத்திலா?

தராசுமுள்:

கீழே இருப்பது ஒரே கணக்கின் இரண்டு வடிவங்கள்.

வடிவம் 1: "10 கிகி நிறையுடைய பொருளொன்றின் மீது செயல்பட்டு அதன் திசைவேகத்தை 4 விநாடியில் 5 மீ/வி என்பதிலிருந்து 13 மீ/வி ஆக மாற்றவல்ல விசையின் எண்மதிப்பைக் காண்க."

வடிவம் 2: "ஒரு பொருளின் நிறை 10 கிகி. அதன் திசைவேகம் 5 மீ/வி. அதன் மீது ஒரு விசை 4 விநாடி செயல்படுகிறது. இப்போது திசைவேகம் 13 மீ/வி. விசையின் மதிப்பு என்ன?"

விடை இரண்டுக்கும் 20 நியூட்டன். 13இல் 5 போக 8, அதை 4ஆல் வகுத்தால் முடுக்கம் 2, பத்தால் பெருக்க வேண்டும். நியூட்டனின் இரண்டாம் விதியும் கழித்தல், வகுத்தல், பெருக்கலும் தெரிந்தால் போதும். ஆனால் முதல் வடிவத்தைப் படிக்கும் பிள்ளை "விசையின்" என்ற சொல் வரும்வரை எல்லா எண்களையும் மனத்தில் தூக்கிக்கொண்டே போக வேண்டும். தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால்தான் நிற்கும், கேட்கப்படுவது என்ன என்பது கடைசியில்தான் தெரியும். ஆங்கிலத்தில் "கண்டுபிடி, விசையை" என்று தொடங்கிவிடலாம். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழாக்கும்போது ஒற்றை வாக்கியத்தை ஒற்றை வாக்கியமாகவே கொண்டுவந்தால் சுமை முழுதும் முன்பக்கம் சரிகிறது.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு அறிவியல் எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண். மூன்று மணி நேரம், அதோடு வினாத்தாள் படிக்கவும் விவரம் நிரப்பவும் 15 நிமிடம். வீட்டில் செய்தித்தாள் புரளும் பிள்ளைக்கும் குடும்பத்திலேயே முதல் ஆளாக எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கும் அதே தாள், அதே நேரம். அறிவியல் தெரிந்தும் வாக்கியத்தில் விழுகிற பிள்ளைக்குப் போகும் மதிப்பெண்ணை என்னவென்று கணக்கில் எழுதுவது? வினாத்தாள் தயாரிப்பவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது என்று பேசுவோம்.

ஏட்டுச்சுவடி:

எச்சரிக்கையாகப் போவோம் ஐயா. மொழியை எளிதாக்கு என்று தொடங்கினால் முதலில் வெட்டுப்படுவது கலைச்சொல்தான். "திசைவேகம்" கடினம், "வேகம்" போடு என்பார்கள். போட்டால் கணக்கே வேறு. வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. ஆவியாதல் வேறு, கொதித்தல் வேறு. உருகுவதும் கரைவதும் ஒன்றல்ல. பேச்சில் ஒன்றுபோல் புழங்கும் இரண்டைப் பிரித்தறிவதுதானே அறிவியல்? அந்த மொழியைக் கையாளத் தெரிவதும் பாடத்தின் பகுதி. அதைத் தேர்வில் சோதிக்காமல் எங்கே சோதிப்பது?

தராசுமுள்:

உங்கள் எடுத்துக்காட்டுகள் நான்கையும் ஏற்கிறேன். நான் கேட்பது வேறு. வினாவில் உள்ள சொற்களை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். பாடநூல் தானே வரையறுத்துக் கற்பித்த சொல் ஒரு பக்கம்: நிறை, திசைவேகம், விசை. அதைத் தொடக்கூடாது. பாடநூல் எங்கும் கற்பிக்காமல், தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொண்ட சொல்லும் கட்டமைப்பும் மறுபக்கம்: "மாற்றவல்ல", "பொருளொன்றின் மீது செயல்பட்டு", "எண்மதிப்பைக் காண்க". இரண்டாம் குவியலைத் தமிழ்த் தேர்வில் சோதிக்கலாம். இயற்பியல் கணக்கில் அதற்கு மதிப்பெண் ஒதுக்கப்படவில்லை, ஆனால் மதிப்பெண் அதில்தான் போகிறது.

வல்லினம்:

இரண்டு குவியல் என்ற பிரிப்பு நல்லது. ஆனால் இரண்டிலும் ஒரே நேரத்தில் காலை வைத்திருக்கும் சொற்கள் இருக்கின்றன. அதிகம் தொல்லை தருபவை அவைதான். நீளமான கலைச்சொல்லைக் கண்டு நாம் பயப்படுகிறோம். "நிலைமத் திருப்புத்திறன்" என்ற சொல் யாரையும் ஏமாற்றாது. தெரியும், அல்லது தெரியாது. ஏமாற்றுவது தெரிந்ததுபோல் தோன்றும் சொல்.

"மின்தடை": செய்தித்தாளில் இது கரண்ட் போவது. "நாளை காலை 9 முதல் 5 வரை மின்தடை" என்று தெருவெல்லாம் பேச்சு. பாடநூலில் ஓம் அலகில் அளக்கும் பண்பு. "கம்பியின் நீளம் கூடினால் மின்தடை என்னாகும்?" என்று கேட்டால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு முதலில் மனத்தில் எழுவது எது?

"குவி ஆடி": குவி என்றால் ஒன்றுசேர் என்பது அன்றாடப் பொருள். குவி லென்ஸ் ஒளியைக் குவிக்கிறது, சரி. குவி ஆடியோ ஒளியை விரிக்கிறது. இங்கே "குவி" ஆடியின் புறம் மேடாக இருக்கும் வடிவத்தைச் சொல்கிறது, அது செய்யும் வேலையைச் சொல்லவில்லை. சொல்லை வைத்து யோசிக்கும் பிள்ளை லென்ஸில் வெல்லும், ஆடியில் தோற்கும். வினாவில் வளைவைக் காட்டும் சிறு படம் ஒன்று சேர்த்தால் இந்தச் சிக்கல் போய்விடும். ஒளியியல் அறிவு அப்படியே சோதிக்கப்படும்.

"காரம்": அமிலத்துக்கு எதிரானது. மிளகாய்க்கும் அதே சொல். மூக்கைத் துளைக்கும் மணத்தைக் "கார நெடி" என்பது பழக்கம். அம்மோனியா பற்றிய வினாவில் அப்படி எழுதினால், அம்மோனியா காரத்தன்மை உடையது என்பதால், தெரியாத பிள்ளைக்கும் விடை கசிகிறது. சல்பர் டை ஆக்சைடு வினாவில் எழுதினால், அமிலத்தன்மை உள்ள வாயுவைக் காரம் என்று எண்ணவைக்கும். ஒரே சொல் ஓரிடத்தில் இலவச மதிப்பெண், இன்னோரிடத்தில் பொறி. "மூச்சை அடைக்கும் மணம்" என்று எழுதுங்கள். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஜான்ஸ்டன், கேசல்ஸ் இருவரும் வேதியியல் வினாக்களில் செய்து பார்த்ததும் இதேதான். நெடியைக் குறிக்கும் ஏட்டுச் சொல்லை எடுத்துவிட்டு மூச்சடைக்கும் மணம் என்ற பொருளில் எளிய சொல்லைப் போட்டார்கள், சரியாக விடையளித்தவர்கள் கூடினார்கள்.

கட்டளைச் சொற்களையும் பாருங்கள். "குறிப்பு வரைக" என்பதில் வரைதல் எழுதுதல். அடுத்த வினாவிலேயே "படம் வரைக". "குறிப்பு எழுதுக" என்று போட்டால் என்ன குறைந்துவிடும்? "விவரி", "விளக்கு" இரண்டுக்கும் வேறுபாடு உண்டென்றால் அதை வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் "எப்படி நடக்கிறது?", "ஏன் நடக்கிறது?" என்று நேராகக் கேட்கலாம்.

வன்னிக்காற்று:

இலங்கையிலிருந்து ஒரு விஷயம் சேர்க்கிறேன். நீங்கள் எல்லோரும் தொடக்கூடாது என்று ஒத்துக்கொண்ட முதல் குவியலே கடலைக் கடந்தால் இடம் மாறிவிடும்.

உங்கள் "நிறை" எங்களுக்குத் "திணிவு". உங்கள் "எடை" எங்களுக்கு "நிறை". ஆகவே "பொருளின் நிறை" என்றால் சென்னைப் பிள்ளை கிலோகிராமில் நினைக்கும், வவுனியாப் பிள்ளை நியூட்டனில் நினைக்கும். உங்கள் "வேகம்" எங்கள் "கதி", உங்கள் "திசைவேகம்" எங்கள் "வேகம்". முடுக்கம் இங்கே ஆர்முடுகல், ஆற்றல் சக்தி, திறன் வலு, ஒளிச்சேர்க்கை ஒளித்தொகுப்பு, செல் கலம்.

ஆர்முடுகல், ஒளித்தொகுப்பு போன்றவற்றால் குழப்பமில்லை. ஒரு பக்கத்துச் சொல் மறுபக்கத்தில் வேறு பொருள் தராது. அபாயம் நிறை, வேகம் இரண்டிலும்தான். இன்றைக்கு இங்கத்தைப் பிள்ளைகள் தமிழ்நாட்டு யூடியூப் பாடங்களைப் பார்த்துத்தான் மீட்டல் செய்கிறார்கள். அந்தப் பிள்ளை க.பொ.த. சாதாரண தரத்தில் (உங்கள் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு போன்றது) "நிறை" கேட்டால் திணிவை எழுதிவிட்டு வரும், புள்ளி போய்விடும். அலகை வினாவிலேயே வெளிப்படையாகக் கேட்டால் பாதித் தொல்லை தீரும்: "நிறையை நியூட்டனில் தருக." படிப்பிக்கிறவர்கள் சுவரில் ஒட்டவேண்டியதும் இந்த இரண்டு சொற்களைத்தான், நூறு சொல் அகராதியை அல்ல.

நிழல்மானி:

மொழி தடுக்கினால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாடு மறக்கக்கூடாத ஆண்டு 2018. மே 6 அன்று நடந்த நீட் தேர்வில் 180 வினா, 180 நிமிடம், 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறுக்கு ஒன்று கழிக்கப்படும். தமிழ்த் தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு. சிறுத்தை "சீத்தா" ஆகியிருந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஜூலை 10 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழில் எழுதிய அனைவருக்கும் 49 வினாவுக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண் வழங்க உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதே மாதம் தடை விதித்து, பின்னர் அந்த உத்தரவை ரத்து செய்தது. அதற்கு முந்திய ஆண்டு வட்டார மொழித் தாள்களின் வினாக்களே ஆங்கிலத் தாளிலிருந்து வேறாக இருந்தன.

ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது அந்தத் தேர்வின் விதி. தாளில் இரண்டு மொழியும் பக்கம் பக்கமாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் உட்பொருள். வினாவுக்கு ஒரு நிமிடம்தான். "சீத்தா" என்ன என்று புரியாமல் ஆங்கிலத்தைத் தேடிப் படித்துத் திரும்பும் பிள்ளைக்கு அந்த நிமிடம் போய்விட்டது. அடுத்த வினாவின் நிமிடத்தையும் தொட்டுவிடுகிறது. தமிழ் வழியில் படித்தவரைத் தமிழில் எழுத அனுமதித்துவிட்டு, தீர்ப்பை மட்டும் ஆங்கிலத்தில் வைப்பது சமவாய்ப்பு ஆகாது.

இதைச் சரியாகச் செய்ய வழி இருக்கிறது. பீசா பன்னாட்டுத் தேர்வில் மூல வினா ஆங்கிலம், பிரெஞ்சு என இரண்டு மொழிகளில் தயாராகும். ஒவ்வொரு நாட்டிலும் இரண்டு பேர் தனித்தனியே மொழிபெயர்க்க, மூன்றாமவர் இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவார். இரண்டு மொழிபெயர்ப்பும் முரண்படும் இடம்தான் மூலத்திலேயே தெளிவில்லாத இடம். அதைத் தேர்வுக்கு முன்பே காட்டிக் கொடுத்துவிடும் என்பதுதான் இந்த முறையின் பலன்.

மொழிபெயர்ப்பைத் திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்க்கும் பழக்கமும் உண்டு. அதை மட்டும் நம்பாதீர்கள். ஆங்கில வாக்கிய அமைப்பை அப்படியே நகலெடுத்த, எந்தப் பிள்ளைக்கும் புரியாத தமிழ்தான் ஆங்கிலத்துக்கு அழகாகத் திரும்பிப் போகும். பிழையே தெரியாது.

ஏட்டுச்சுவடி:

196ஐ எல்லாருக்கும் ஒரே அளவாகக் கொடுப்பதில் எனக்கும் உடன்பாடில்லை. அந்த 49இல் 30ஐச் சரியாக எழுதிய பிள்ளைக்கு அந்த முப்பதுக்கும் இரட்டை மதிப்பெண். குழம்பித் தவறாக எழுதியவருக்கும் அதே 196. காயம் பட்டவருக்கும் படாதவருக்கும் ஒரே மருந்து. தேர்வு முடிந்தபின் எந்தத் திருத்தமும் நியாயமாக அமையாது என்பதால்தான் முன்பே செய்ய வேண்டும் என்கிறேன். இந்த இடத்தில் தராசுமுள் ஐயாவோடு முழுதும் சேர்கிறேன்.

இன்னொரு வகையையும் இங்கே வைக்கிறேன்: கூற்று–காரணம் வினாக்கள். "கூற்றும் காரணமும் சரி, ஆனால் காரணம் கூற்றுக்கான சரியான விளக்கமன்று." நான்கு தெரிவுகளும் இதே சொற்களை இடம் மாற்றி அடுக்கியவை, ஒரு "அன்று" எங்கே விழுகிறது என்பதில் விடை தொங்குகிறது. தமிழில் எதிர்மறை வாக்கியத்தின் கடைசியில் வருவதால் வேகமாகப் படிப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. போதாக்குறைக்கு "அன்று" என்றால் அந்த நாள் என்றும் பொருள். இதை மூன்று சிறு வினாவாக உடைக்கலாம்: கூற்று சரியா தவறா, காரணம் சரியா தவறா, இரண்டும் சரியென்றால் இரண்டாவதுதான் முதலாவதற்குக் காரணமா. சோதிக்கப்படும் சிந்தனை அதேதான்.

வல்லினம்:

"பின்வருவனவற்றுள் உலோகம் அன்று எது?" வகைக்கும் அதே வைத்தியம். "கீழே உள்ள நான்கில் மூன்று உலோகங்கள். உலோகம் அல்லாத ஒன்றைத் தேர்ந்தெடு." எதிர்மறைச் சொல் தடித்த எழுத்தில். தெரிவுகளிலும் "ஆகாது", "இல்லை" இருந்தால் வினாவையே நேர்மறையாக மாற்றிவிடுங்கள். இரட்டை எதிர்மறையை அவிழ்ப்பது தர்க்கப் பயிற்சி. தாவரவியல் தேர்வில் அதற்கு இடமில்லை.

கணக்கப்பிள்ளை:

எல்லாரும் சொல்வது நியாயமாகப் படுகிறது. ஆனால் எது எளிது என்பதை நாம், நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள், உட்கார்ந்து முடிவு செய்கிறோம். அளக்க வேண்டும்.

ஆங்கிலத்துக்கான வாசிப்பு எளிமைச் சூத்திரங்களைத் தமிழில் பொருத்தாதீர்கள். அவை வாக்கியத்தில் எத்தனை சொல், சொல்லில் எத்தனை அசை என்று எண்ணுபவை. நம் மொழியில் வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிக்கொள்வதால் "சேர்க்கப்பட்டிருப்பதிலிருந்து" ஒரே சொல். சூத்திரம் சொல்லைக் கடினம் என்றும், சொல் எண்ணிக்கை குறைவதால் வாக்கியத்தை எளிது என்றும் ஒரே மூச்சில் சொல்லும். அதற்குப் பதிலாக எண்ணவேண்டியவை: ஒரு வாக்கியத்தில் எத்தனை எச்சங்கள், எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே எத்தனை சொற்கள், பாடநூலில் வராத பொதுச்சொல் எத்தனை. தராசுமுள் தந்த வடிவம் 1இல் "செயல்பட்டு", "மாற்றவல்ல" என்று எச்சம் மட்டுமே இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று.

அடுத்தது சோதனை. இரண்டு வடிவத்தையும் அச்சிட்டு இருக்கை வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்று கொடுங்கள். பள்ளிக்கு ஒரு வடிவம் என்று கொடுத்தால் பள்ளி வேறுபாடுதான் அளவில் வரும். எண்ணிக்கை முக்கியம். வடிவத்துக்கு 200 பேர், பாதிப்பேர் அளவில் சரியாக எழுதும் வினா என்றால் தற்செயலாகவே 5 விழுக்காட்டுப் புள்ளி அளவுக்கு ஆடும். 10 புள்ளி வேறுபாடு வந்தால் நம்பலாம். வடிவத்துக்கு 40 பேர்தான் என்றால் அந்த ஆட்டமே 11 புள்ளி. அந்த 10ஐ வைத்து எதையும் சொல்ல முடியாது.

நடந்து முடிந்த தேர்வின் மதிப்பெண் பட்டியல் கையில் இருந்தால், ஒரு வினா ஒரு குழுவின் பக்கம் சாய்கிறதா என்று பார்க்க மாண்டல்–ஹான்செல் என்ற புள்ளியியல் முறை. மொத்த மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களை ஐந்தாறு அடுக்காகப் பிரியுங்கள். ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் இரண்டு குழுவை, அதாவது தமிழ் வழி, ஆங்கில வழி என்று வைத்துக்கொள்வோம், அந்த ஒரு வினாவில் ஒப்பிடுங்கள். முதல் குழுவில் சரி எழுதியவர் எண்ணிக்கையை இரண்டாம் குழுவில் தவறியவர் எண்ணிக்கையால் பெருக்கி அடுக்கின் மொத்தத்தால் வகுத்து, எல்லா அடுக்குக்கும் கூட்டுங்கள். அதேபோல் முதல் குழுவில் தவறியவரையும் இரண்டாம் குழுவில் சரி எழுதியவரையும். முதல் கூட்டலை இரண்டாவதால் வகுத்தால் வருவது 1க்கு அருகில் இருந்தால் வினா இரு குழுவையும் ஒன்றுபோல் நடத்துகிறது. 1.5ஐத் தாண்டினால் முதல் குழுவுக்குச் சாதகம், 0.67க்குக் கீழே போனால் பாதகம்; இரண்டிலும் வினாவை எடுத்துப் படித்துப் பாருங்கள். 1.9ஐத் தாண்டினாலோ 0.53க்குக் கீழே போனாலோ பெரிய சாய்வு.

ஒரு எச்சரிக்கை. தாள் முழுவதுமே கடின மொழியில் இருந்தால் மொத்த மதிப்பெண்ணே கெட்டுப்போயிருக்கும். கெட்ட அளவுகோலால் அடுக்குப் பிரித்தால் எந்த வினாவும் தனியே சாய்ந்ததாகத் தெரியாது. பட்டியல் சுத்தமாக வரும், அநியாயம் அப்படியே இருக்கும்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வையுங்கள். அமெரிக்காவில் ஜமால் அபேடி, கரோல் லார்ட் இருவரும் எட்டாம் வகுப்புக் கணித வினாக்களின் மொழியை மட்டும் எளிமையாக்கிப் பார்த்து 2001இல் வெளியிட்டார்கள். கிடைத்த உயர்வு சிறியது, ஆனால் உண்மையானது. கணிதத்தில் பின்தங்கிய, நடுத்தர வகுப்புகளுக்கே பலன் கிடைத்தது. உயர்நிலை வகுப்புகளுக்கு மாற்றமில்லை.

கோடைத்துளி:

ஒரு வகுப்பில் 35 பேர் மட்டுமே உள்ள பள்ளிக்கு இந்தக் கணக்கெல்லாம் எட்டாது, இல்லையா? அங்கே என்ன செய்யலாம்?

கணக்கப்பிள்ளை:

கணக்கை விடுங்கள், கேட்டுப் பாருங்கள். தேர்வு எழுதப்போகாத, ஒரு வகுப்பு மேலே உள்ள ஆறு பிள்ளைகள் போதும். இரண்டு பேர் நன்றாகப் படிப்பவர், இரண்டு பேர் நடுத்தரம், இரண்டு பேர் திணறுபவர். தனித்தனியாக. வினாவை ஒருமுறை மனத்துக்குள் படிக்கச் சொல்லித் தாளைக் கவிழ்த்துவிடுங்கள். "என்ன கேட்டிருக்கிறார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். விடை கேட்காதீர்கள். பேச்சுத் தமிழில் சொல்லட்டும். எண் மறந்தால் பரவாயில்லை. கேட்கப்பட்டது விசையா முடுக்கமா என்பதே மாறினால் வாக்கியம் பழுது. பிறகு தாளைத் திருப்பி விடையைக் கேளுங்கள். வினாவைச் சரியாகச் சொல்லிவிட்டு விடையில் தவறினால் அது அறிவியல் குறை, வினாவில் கைவைக்காதீர்கள்.

மூன்று பேருக்குமேல் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்த இடத்தை மாற்றுங்கள். ஒரு வினாவுக்கு ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம்.

நிழல்மானி:

வினாவோடு நிறுத்திவிட்டோம். விடைக்குறிப்பில் இதைவிடப் பெரிய அநியாயம் நடக்கிறது. "ஈரத்துணி காற்றில் வேகமாகக் காய்வது ஏன்?" என்ற 2 மதிப்பெண் வினாவுக்குக் குறிப்பில் இருப்பது "ஆவியாதல் வீதம் அதிகரிக்கிறது, சூழலின் ஈரப்பதம் குறைகிறது." பிள்ளை எழுதுவது: "துணி பக்கத்துல இருக்குற ஈரக் காத்த வீசுற காத்து தள்ளிட்டுப் போயிடும், புதுசா காஞ்ச காத்து வரும், அதனால தண்ணி சீக்கிரம் ஆவியாகும்." காரணத்தை அந்தப் பிள்ளைதான் முழுசாகச் சொல்லியிருக்கிறது. குறிச்சொல்லைத் தேடும் திருத்துநர் பாதி மதிப்பெண் போடுவார், அல்லது அதுவும் இல்லை.

விடைக்குறிப்பில் சொல்லை எழுதாமல் கருத்தை எழுதுங்கள்: ஈரமான காற்று அகற்றப்படுவது ஒன்று, ஆவியாதல் விரைவது ஒன்று. ஒவ்வொன்றின் கீழும் ஏற்கத்தக்க இரண்டு மூன்று எளிய தொடர்கள், ஏற்கக்கூடாத ஒரு தொடர். இங்கே "காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும்" என்று மட்டும் எழுதினால் போதாது என்று வெளிப்படையாகக் குறித்துவிடலாம். கலைச்சொல்தான் வேண்டும் என்றால் வினாவிலேயே கேளுங்கள்: "இந்த நிகழ்வின் பெயர் என்ன?" அதற்குத் தனி மதிப்பெண்.

ஏட்டுச்சுவடி:

இது எனக்கு நிறைவான தீர்வு. கலைச்சொல்லும் சோதிக்கப்படுகிறது, விளக்கமும் சோதிக்கப்படுகிறது, ஒன்றின் கடனை மற்றொன்று கட்டவில்லை.

இனி எளிமையாக்கும்போது விழும் குழிகளையும் பதிவு செய்துவிடுவோம். "ஆக்சிஜன்" என்பதைக் "காற்று" ஆக்குவது. "சோடியம் குளோரைடு" என்பதை "உப்பு" ஆக்கிவிட்டு அடுத்த வரியிலேயே "அமிலமும் காரமும் சேர்ந்து உப்பும் நீரும்" என்று பொதுப்பொருளில் எழுதுவது. சரியான தெரிவை மட்டும் விளக்கமாக எழுதி மற்ற மூன்றையும் சுருக்கிவிடுவது: நீளத்தைப் பார்த்தே பிள்ளைகள் குறி போடுவார்கள். "அது", "இது" என்று சுட்டுப்பெயரைக் கூட்டுவது: வாக்கியம் குட்டையாகும், எது எதைச் சுட்டுகிறது என்பது புதிய புதிராகும். கலைச்சொல்லை வினாவுக்கு உள்ளேயே விளக்கி, கேட்ட விடையைத் தாரை வார்ப்பது.

வன்னிக்காற்று:

அதே கண்ணால் முதலில் போட்ட வடிவம் 2ஐயும் பாருங்கள். "அதன் மீது ஒரு விசை" என்றிருக்கிறது. விசை மாறாதது என்று எங்கும் இல்லை. எந்தத் திசையில் என்றும் இல்லை. பக்கவாட்டில் செயல்பட்டால் 13இலிருந்து 5ஐ அப்படியே கழிக்க முடியாது. "இப்போது" என்பதும் தெளிவில்லை, நான்காவது விநாடியின் முடிவிலா, அதற்குப் பிறகா? வடிவம் 1இலும் விசையைப் பற்றிய குறை உண்டு, ஆனால் நீண்ட வாக்கியத்துக்குள் அது ஒளிந்திருந்தது.

தராசுமுள்:

சரியாகப் பிடித்தீர்கள். உராய்வும் விட்டுப்போயிருக்கிறது. திருத்திய வடிவம்:

"ஒரு பொருளின் நிறை 10 கிகி. அந்தப் பொருள் உராய்வில்லாத தளத்தில் நேர்க்கோட்டில் 5 மீ/வி திசைவேகத்தில் செல்கிறது. பொருள் செல்லும் திசையிலேயே மாறாத விசை ஒன்று 4 விநாடி செயல்படுகிறது. 4 விநாடி முடியும்போது பொருளின் திசைவேகம் 13 மீ/வி. அந்த விசை எத்தனை நியூட்டன்?"

சொல் எண்ணிக்கை முதல் வடிவத்தைவிடக் கூடிவிட்டது. வரிக்கு ஒரு செய்தியாக ஐந்து வரியில் அச்சிட்டால் கண்ணுக்குச் சுமை இருக்காது. ஆனால் ஐந்து வரியும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும், பக்க முறிவில் இரண்டாகப் பிரியக்கூடாது. அச்சுக்கு அனுப்பும்போது இதையும் எழுதிக் கொடுங்கள்.

கோடைத்துளி:

இந்த வடிவத்தை ஆறு பேரிடம் மேலே சொன்னபடி கேட்டுப் பார்க்கலாம். இலங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதென்றால் நிறையைத் திணிவாகவும் திசைவேகத்தை வேகமாகவும் மாற்ற வேண்டும். "உராய்வில்லாத தளம்" இருபக்கமும் அப்படியே நிற்குமா வன்னிக்காற்று?

வன்னிக்காற்று:

நிற்கும். இங்கே "ஒப்பமான தளம்" என்றும் எழுதுவார்கள், ஆனால் உராய்வில்லாத தளம் எல்லோருக்கும் விளங்கும். அதை மாற்ற வேண்டாம்.